அந்த 'ஓர் ஊர்வாசி' நான்தான்

மார்ட்டெல் ஹாலோ, வெர்மான்ட்
ஊர்க்கூட்டம் முடிந்த வெள்ளிக்கிழமை

'பள்ளத்தாக்குச் செய்தி' வார இதழின் ஆசிரியர் திருமதி ஆர்லீன் பிக்ஸ்பி அம்மா அவர்களுக்கு,

மார்ட்டெல் ஹாலோவிலிருந்து ரேமண்ட் தெபோ மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் கணவரும், அலுவலகத்துச் சன்னலில் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஜானெட்டும் சுகம். பனிமேல் மோட்டார் வண்டி ஓட்டுகிற எங்கள் பனிவண்டி மன்றத்தின் கொட்டகைக்குத்தான் சுகமில்லை. அதற்குக் கதவு கிடையாது, உள்ளே பனி இடுப்பளவு கிடக்கிறது. அந்தச் சமாச்சாரத்தைப் பிறகு சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குக் கடைசி வருஷம் வரை போனவன் என்று சொல்லிக்கொள்ளலாம், படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே இதில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும். ஆனால் இந்தக் கடிதமே தங்கள் பிழையைத் திருத்தத்தான்.

இந்த வார இதழில் எங்கள் ஊர்க்கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதில், 'பட்ஜெட் பேச்சுவார்த்தை குறித்து விளக்கமளித்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கொலெட் விட்கமை எதிர்த்து ஓர் ஊர்வாசி தீர்மானம் கொண்டுவந்தார். அது கொண்டுவந்தவரின் ஓட்டுகூட இல்லாமல் தோற்றது' என்று இருக்கிறது. ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அந்த ஓர் ஊர்வாசி யார்? நான். நான் யார்? கொலெட்டின் அப்பா. இதை எழுதாமல் விட்டால் செய்தியில் என்ன இருக்கிறது, அம்மா? உப்புப் போடாத சூப்தான். கலியாணத்துக்குப் பிறகு அவள் விட்கம் ஆகிவிட்டாள், மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் போய்விட்டாள். அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியாது. யாரோ ஒரு கிறுக்கன் எழுந்தான், அவள் பதில் சொன்னாள், அவன் உட்கார்ந்தான் என்று படித்துவிட்டு, மாட்டுச் சந்தை விலைக்குப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். கிறுக்கன் என்பதை நான் மறுக்கவில்லை. யாருடைய அப்பா அந்தக் கிறுக்கன் என்பதைத்தான் போடச் சொல்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சனவரியில் எங்கள் மன்றத்தின் யந்திரம், அதாவது காட்டுப்பாதையில் பனியை அமுக்கிச் சமன்படுத்திக்கொண்டு போகுமே, அது மலை ஏறும்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. மன்றத்துக்கு நான் தலைவர், லைல் பரோ செயலாளர். புதுசு வாங்க மன்றத்தில் காசில்லை, மாநிலம் மானியம் கொடுத்தால்தான் உண்டு. என் மகள் சட்டமன்றத்தில் எந்தக் குழுவில் இருக்கிறாள்? நிதி ஒதுக்கும் குழுவில். அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? கடையில் காப்பி குடித்துக்கொண்டே, "நம்ம வீட்டுப் பொண்ணுதாம்ப்பா அங்க பணத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, யந்திரம் வந்தாச்சுன்னே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். புது யந்திரம் பழையதைவிட அகலம் என்று லைல் எங்கேயோ படித்துவிட்டு வந்தான். உடனே நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக் கதவைப் பெயர்த்து, சுவரையும் இரண்டு பக்கமும் அறுத்துவிட்டோம். அன்று சாயங்காலமே பனிப்புயல். கொட்டகை கொட்டாவி விட்டதுபோல் நின்றது. பழைய யந்திரம் இப்போது எங்கே இருக்கிறது என்று கம்பு விட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த நிலையில் ஊர்க்கூட்டம் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தது, எல்லார் காலிலும் சேறு. நான் வழக்கம்போல் பானை நிறைய பீன்ஸ் கொண்டுபோயிருந்தேன். மேப்பிள் பாகு விட்டு விடிய விடிய வேகவைத்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் கொலெட்டின் மஞ்சள் காகிதம் கிடந்தது. பட்ஜெட் பேச்சுவார்த்தை எதுவரை வந்திருக்கிறது, குளிருக்கு வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க உதவி எங்கே கிடைக்கும், வரிப் படிவத்தை இலவசமாக யார் நிரப்பித் தருவார்கள், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் தரும் உணவு வங்கி எந்தக் கிழமை திறந்திருக்கும், எல்லாம் அதில் இருந்தது. அவற்றைப் போட்டது நான்தான். போடும்போது ஒன்றையாவது படித்திருக்கலாம். கூட்டத் தலைவர் வெண்டெல் எழுந்து, உறுப்பினர் வெளியூர்க்காரர், அவர் பேச நம் சபை அனுமதிக்கிறதா என்று கேட்டார். சட்டம் அப்படி. அந்த மண்டபத்தில் முன்பல் விழுந்து அழுத பெண் வெளியூர்க்காரியாம். "அனுமதிக்கிறோம்" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கம்பளிப் பின்னலில் ஒரு கண்ணியைத் தவறவிட்டுவிட்டார்.

அவள் பேசினாள். அம்மா, எவ்வளவு அழகாகப் பேசினாள் தெரியுமா? காகிதத்தைப் பார்க்கவே இல்லை. இந்த வருஷம் பணம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்று சொன்னால் அது பொய் என்றாள். பிறகு, சிகிச்சைக்குப் போகிறவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேன் நின்றுவிடும் நிலையில் இருக்கிறது, அதற்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், பனிப்பாதை யந்திரத்துக்கு இந்த வருஷம் நான் கேட்கப்போவதில்லை என்றாள். கடையில் காப்பி குடித்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. லைல் என் விலாவில் முழங்கையால் குத்தி, "டேய் ரே, தலைவரு நீதானே, எந்திரிடா" என்றான். எழுந்தேன்.

எழுந்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, எதுவானாலும் கூட்டத் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆகவே அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெண்டெலைப் பார்த்துச் சண்டை போட்டோம். நான், "தலைவரே, உறுப்பினர் சின்ன வயசுல யாரோட பனிவண்டியில பள்ளிக்கூடம் போனாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"தலைவரே, திரு. தெபோவோட வண்டியிலதான் போனேன்," என்றாள் அவள். "அது எப்பவும் பாதி வழியில நின்னுடும். மிச்சத்துக்கு நடந்தேன். அதையும் சபைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் எதிர்க்கட்சி சிரிக்கக்கூடாதே. அந்த வேனில் போவது விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள், பனிப்பாதையை நம்பி ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள், தங்கும் விடுதியும் கடையும் குளிர்காலத்தில் அதில் வண்டி ஓட்ட வருகிறவர்களால்தான் பிழைக்கின்றன என்று கொஞ்சம் சூடாகவே பேசினேன். முதலில் யந்திரம், பிறகு வேன் என்று இந்த ஊர் உறுப்பினரைக் கேட்டுக்கொள்கிறது என்று தீர்மானமும் கொண்டுவந்தேன். லைல் அதை ஆமோதித்தான்.

கொலெட்டுக்குக் காதோரம் சிவந்தது. சின்னதில் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்போது அப்படித்தான் சிவக்கும். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தலைவரே, திரு. தெபோ சொல்ற கணக்கு சரிதான். பாதையில போறவங்க நெறைய, வேன்ல போறவங்க கொஞ்சம். பாதை ஒரு வருஷம் நின்னா திரு. தெபோ வீட்டுல உக்காந்து எங்கம்மா உயிர வாங்குவாரு. அத அம்மா தாங்கிக்குவாங்க. வேன் ஒரு வாரம் நின்னா என்ன ஆகும்னு அதுல போறவங்களத்தான் கேக்கணும். அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்க பேர நான் சொல்ல மாட்டேன். இந்த முடிவால அடுத்த தேர்தல்ல நான் வீட்டுக்குப் போகணும்னா போறேன். அப்பாவுக்குப் பாதை போட உதவியா இருக்கும்."

அப்பா என்று சொல்லிவிட்டாள். சட்டப்படி திரு. தெபோ என்றுதான் சொல்ல வேண்டும். வெண்டெல் அதைக் கண்டிக்கவில்லை, மேசையைத் துடைப்பதுபோல் ஏதோ செய்துகொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில் லைலின் மனைவி டோரிஸ், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "லைல், உக்காரு" என்றாள். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அந்த வேனில் போகிறவள் டோரிஸ். லைலின் வண்டி மலைப்பாதையில் அந்தத் தூரம் தாங்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதவை அறுக்கும் சுறுசுறுப்பில் இரண்டு பேரும் மறந்துபோனோம். லைல் உட்கார்ந்தான். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் சொல்லுங்கள் என்றார் வெண்டெல். மண்டபத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் உறுமியது மட்டும் கேட்டது. எதிர்ப்பவர்கள் என்றதும் எல்லாரும் எதிர்த்தார்கள், என் சத்தம்தான் பெரிது. சாப்பாட்டில் டோரிஸ் தட்டோடு என்னிடம் வந்து, "ரே, பீன்ஸ் நல்லா வெந்திருக்கு. பேச்சுதான் வேகல" என்றாள். அன்று முதலில் காலியானது என் பானைதான்.

இப்போது சொல்லுங்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை, தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்தால் ஓடிவருகிறவனை, ஊர் முன்னால் நிறுத்தி இல்லை என்று சொல்ல எத்தனை உறுப்பினர்களுக்கு வாய் வரும்? எனக்குப் பிறந்தவளுக்கு வந்தது. என்னை எதிர்த்து அவள் ஜெயித்ததுபோல் நான் எதிலும் ஜெயித்ததில்லை. ஆகவே அடுத்த இதழில், முதல் பக்கத்தில், அந்த ஓர் ஊர்வாசி உறுப்பினரின் தந்தை ரேமண்ட் தெபோ என்று பெரிய எழுத்தில் திருத்தம் போடும்படி வேண்டிக்கொள்கிறேன். புகைப்படம் வேண்டுமென்றால் ஜானெட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். தொப்பி இல்லாதது.

தங்கள் பத்திரிகையும் குடும்பமும் பூனையும் பனி உருகும் இந்தச் சேற்றுக்காலத்தைச் சறுக்காமல் கடக்கட்டும். கணவருக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கொலெட்டின் தந்தை,
ரேமண்ட் தெபோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கொலெட் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அச்சில் வேண்டாம் என்றாள். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லையாம், வேன் பணம் அடுத்த வாரம்தான் முடிவாகுமாம். எதிர்த்தவர் சொந்த அப்பா என்று அச்சில் வந்தால், அப்பனும் மகளும் பேசிவைத்து நாடகம் ஆடினார்கள் என்று தலைநகரில் யாராவது கிளப்பிவிடுவார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். 'ஓர் ஊர்வாசி' என்பதே சரி, மிகவும் சரி, அதைவிடச் சரியாக எழுத முடியாது. ஆனால் மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி போட இடமிருந்தால், 'அந்த ஊர்வாசி கொண்டுவந்த பீன்ஸ் முதலில் தீர்ந்தது' என்று சேர்த்துக்கொள்ளலாம். அதில் அரசியல் ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டத்துக்குப் பீன்ஸ் கொண்டுவருகிறவன் ஒரே ஆள்தான் என்பது தலைநகரில் யாருக்குத் தெரியப்போகிறது?