கைப்பிடி வலப்பக்கம் வந்த கதை

நாற்பத்தேழு வயது வரை நான் மனதார நம்பிய ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடி நான் தோற்பதற்கு ஒரே காரணம் எங்கள் வீட்டுக் கீபோர்டுதான் என்று நம்பினேன். என் மகள் யாழினி ஒருமுறை அதன் மேல் காபியைக் கொட்டினாள். அன்றிலிருந்து ஸ்பேஸ் பட்டன் அமுங்கினால் எழாது, எழுந்தால் அமுங்காது. அந்தப் பட்டன்தான் குத்து. என் ஆள் குத்த வேண்டிய நேரத்தில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிற்பான். எதிராளி வந்து நிதானமாக அடித்துவிட்டுப் போவான்.

எதிராளி என் மச்சினன் முருகவேல். என் மனைவி பத்மாவின் தம்பி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். ஞாயிறு தவறாமல் திருத்தங்கலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான் (அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று பெயர், பார்வை முழுக்கக் கறிக்குழம்பின் மேல்). சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து சொந்தக் கேம்பேடை (இரண்டு கையிலும் பிடித்து ஆடும் பட்டன் கருவி) எடுப்பான். நானோ, காபி குடித்த அந்தக் கீபோர்டின் முன்னால் உட்காருவேன். பத்து நிமிடத்தில் என் கதை முடிந்துவிடும்.

"கீபோர்டு சரியில்லலே" என்பேன்.

"அத்தான், நீங்க சொல்ற காரணமெல்லாம் எனக்கு மனப்பாடம். போன வாரம் வோல்டேஜு. அதுக்கு முந்துன வாரம் என் சட்டையில மிளகா நெடி."

"நெடி நெசம்தாம்லே! கண்ணுல தண்ணியா ஊத்துனா, நான் எவன் என் ஆளு எவன்னு எப்படித் தெரியும்?"

இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் முற்றி, நானே சொந்தமாக ஜாய்ஸ்டிக் பெட்டி செய்து, அதில் ஆடி அவனைத் தோற்கடிப்பதாகச் சவால் விட்டேன். அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் இருந்ததே, இடது கைக்கு உருண்டைத் தலை வைத்த கைப்பிடி, வலது கைக்கு எட்டு பட்டன், அதே மாதிரி.

"செய்ங்க. தோத்தீகன்னா?" என்று கேட்டுவிட்டு முருகவேல் சுவரைப் பார்த்தான். சுவரில் எங்கள் அச்சகத்தின் காலண்டர்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குச் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளும் காலண்டர்களும் அடிக்கிறோம். வருடா வருடம் சொந்தக்காரர்களுக்கும் வேலை கொடுக்கும் பார்ட்டிகளுக்கும் இனாமாகக் கொடுக்கும் காலண்டரில், கீழ்மூலையில் கும்பிட்டபடி என் படம் இருக்கும். பதினான்கு வருடமாக அதே படம் (அதில் எனக்கு முடி இருக்கிறது, ஆகவே மாற்றும் உத்தேசம் இல்லை). சாத்தூரிலிருந்து மதுரை வரை எத்தனையோ சுவர்களில் நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

"நீங்க தோத்தா, வர்ற வருசக் காலண்டர்ல அந்த எடத்துல என் படம்" என்றான்.

என் மனைவி தடுப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். "போடட்டுமே. அவன் சிரிச்ச முகம்" என்றாள். பதினான்கு வருடம் நான் சிரித்தது யார் கண்ணிலும் படவில்லை!

இரண்டு வாரம் தவணை. கைப்பிடி, பட்டன்கள், அவற்றைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்ன சர்க்யூட் போர்டு எல்லாம் ஆன்லைனில் வந்து இறங்கின. ஒயர்களை மாட்டுவது குழந்தை விளையாட்டு (யாழினிதான் மாட்டினாள்). மிச்சம் இருந்தது மேல்பலகை. பிளைவுட்டில் ஒன்பது வட்ட ஓட்டைகள், இம்மி பிசகாமல்.

தச்சரிடம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் அச்சகக்காரன். எனக்குப் பலகை என்றால் பாண்டிதான். பாண்டி எங்கள் பெட்டிகளுக்கு டை போடுகிறவர். அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்ட, பிளைவுட்டில் கோடு கோடாக அறுத்து, அதில் கத்தித் தகடு இறக்கித் தருவார். அந்தப் பலகைதான் டை. அவர் அறுத்தால் மயிரிழை தப்பாது. வரைபடத்தைக் கொடுத்து, "கத்தி வேண்டாம் பாண்டி, ஓட்டை மட்டும் போதும்" என்றேன். "ஆகட்டும் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, சொல்ல எனக்கும் கூச்சம்.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் பலகை வந்தது. பிரித்துப் பார்த்தேன். கைப்பிடி ஓட்டை வலப்பக்கம் இருந்தது. எட்டு பட்டன் ஓட்டையும் இடப்பக்கம்.

வரைபடத்தைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். என் இரண்டு கைகளையும் பார்த்தேன். ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. இடம் எது வலம் எது என்று தெரியாத ஓர் ஆளிடமா இத்தனை வருடம் டை போட்டோம்? பாண்டிக்குப் போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார். அவர் மனைவிதான் வீட்டுப் போனை எடுத்தார். "அச்சங்குளத்துல எங்க கோயில் கொடைத் திருவிழா அண்ணாச்சி. அவுக அங்கன போயிட்டாக. திங்கக்கெழமதான் வருவாக." சாமிக்கு வேறு நாளே கிடைக்கவில்லை!

பதற்றத்தில் மனிதன் என்னென்ன செய்வான் என்பதற்கு அன்றைய என் சாயங்காலம் ஒரு பாடம். பலகையின் மேல் ஒட்டுவதற்கென்று பாயும் சிங்கம் ஒன்றும், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'சங்கரலிங்கம்' என்று என் பெயரும் போட்டு ஒரு வண்ண ஷீட் தயாராக வைத்திருந்தேன். அதில் குறித்திருந்த வட்டங்களும் இந்த ஓட்டைகளும் பொருந்தவில்லை. உடனே அச்சகத்துக்கு ஓடி, கம்ப்யூட்டரில் படத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, மறுபடி அடித்து, லேமினேஷன் செய்து கொண்டுவந்து ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சிங்கம் எதிர்த்திசையில் பாய்ந்தது. என் பெயரும் இடவலம் மாறி எதிர்த்திசையில் பாய்ந்தது. (இதைச் செய்து முடித்து, பெருமையாக ஒரு டீயும் குடித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

ஆடிப் பார்த்தேன். வலது கையால் நடக்கவும் இடது கையால் அடிக்கவும் வேண்டியிருந்தது. கைகள் மறுத்தன. நட என்றால் அடித்தன, அடி என்றால் நடந்தன.

"பெட்டிய அப்படியே அரை வட்டம் சுத்தி வச்சுப் பாருங்கப்பா" என்றாள் யாழினி. வைத்தேன். கைப்பிடி இடப்பக்கம் வந்துவிட்டது. ஆனால் மேலே தள்ளினால் என் ஆள் உட்கார்ந்தான், முன்னே தள்ளினால் பின்னால் போனான். வீட்டில் மற்றவர்கள் செய்வதையே அவனும் செய்தான்.

"அப்ப உள்ள ஒயர மாத்துவோம். ஆனா ஸ்குரூவெல்லாம் உங்க ஷீட்டுக்கு அடியில இருக்கு. சிங்கத்தக் கிழிக்கணும்."

"சிங்கத்து மேல கை வைக்காத" என்றேன். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கைகளைக் குறுக்கே போட்டுக்கொண்டால் இடது கை வலப்பக்கக் கைப்பிடிக்குப் போகும், வலது கை இடப்பக்கப் பட்டனுக்கு வரும். கணக்கு சரிதானே!

ஞாயிற்றுக்கிழமை முருகவேல் வந்தான். சிங்கத்தைக் குனிந்து பார்த்தான்.

"இது என்ன பாசை அத்தான்? ஏதும் வெளிநாட்டு ஆர்டரா?"

"பேசாம உக்காருலே."

நான் கைகளைக் குறுக்கே போட்டு ஆயத்தமானேன். அவன் அக்காவைக் கூப்பிட்டான்.

"எக்கா, சீக்கிரம் வா. அத்தான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடப் போறாக."

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் என் ஆள் நன்றாகத்தான் குதித்தான். குதித்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது சுற்றில் என் கைக்கடிகாரத்தின் பட்டை எதிர்க்கைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையையும் விலக்க முடியவில்லை. விலங்கு மாட்டிய கைதி மாதிரி நான் முறுக்கிக்கொண்டிருக்க, திரையில் என் ஆளை அவன் சுவரோரம் ஒதுக்கிச் சாத்தினான்.

"ஏலே, நிறுத்துலே! கை மாட்டிக்கிச்சு!"

"இது நாலாவது காரணம் அத்தான். எழுதி வச்சுக்கிறேன்."

பத்மா வந்து என் பொத்தானைக் கழற்றி விடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாழினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூவரில் ஒருவராவது என் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா? இல்லை. முருகவேல் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம் நின்னா படம் நல்லா விழும்?" என்று அவன் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாண்டியின் பட்டறைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

"என்ன வேல பாத்து வச்சிருக்கீக பாண்டி? என் மானமே போச்சு! இடது வலது தெரியாதா உங்களுக்கு?"

பாண்டி நெற்றியில் திருநீறு கலையாமல், பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"டைக்கு எப்பவும் படத்தக் கவுத்துப் போட்டுத்தான அண்ணாச்சி அறுப்போம்? அச்சடிச்ச பக்கம் கத்தியப் பாத்து வரணும்ல. இருவது வருசமா உங்களுக்கு அப்படித்தான குடுக்கேன்?"

எனக்குத் தெரியும். அட்டையும் கத்தியும் முகத்துக்கு முகம் பார்த்தால் இடம் வலமாகிவிடும், அதனால் டையை இடவலம் மாற்றித்தான் அறுப்பார்கள். அச்சகத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. ஆனாலும் விடவில்லை. "கத்தி வேண்டாம்னு சொன்னேன்ல?"

"கத்தி வேண்டாம்னுதான் சொன்னீக. கவுக்க வேண்டாம்னு சொல்லலையே." அவர் சிங்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இந்தப் படத்தயும் நீங்களே திருப்பி அடிச்சீகளா?"

"ஆமா."

"படத்தத் திருப்பத் தெரிஞ்ச நீங்க, பலகையத் திருப்பிப் போட்டிருக்கலாம்ல அண்ணாச்சி? அடிப்பக்கத்த மேல வச்சா கைப்பிடி தானா இடப்பக்கம் வந்துருமே."

பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். பாண்டி சிங்கத்தைக் கிழித்து, ஸ்குரூவைக் கழற்றி, பலகையைக் கவிழ்த்துப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

காலண்டர் இன்னும் மெஷினில் ஏறவில்லை என்ற தைரியத்தில் மறு ஆட்டம் கேட்டேன். "சரி அத்தான், ஆசைப்படுறீக" என்று முருகவேல் அடுத்த ஞாயிறும் வந்தான். கைப்பிடி இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம், கைக்கடிகாரம் பீரோவில். அன்றும் தோற்றேன். கையில் எதுவும் மாட்டாததால் இன்னும் சீக்கிரமாக.

காலண்டர் வந்தது. கீழ்மூலையில் முருகவேல் பல் தெரியக் கும்பிட்டான். ஜனவரி முதல் வாரத்தில் சாத்தூர்ப் பார்ட்டி ஒருவர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி எப்பத் தவறுனாக? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலையே" என்று கேட்டார். "நான்தான் பேசுறேன்" என்றேன். மறுமுனையில் போனைக் கீழே போட்டுவிட்டார்கள். விருதுநகரில் பாதிப்பேர் நான் அச்சகத்தை மச்சினனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக இன்றைக்கும் நம்புகிறார்கள். வீட்டில் மூக்குக் கண்ணாடி காணவில்லை என்றாலும், குக்கர் மூடி பொருந்தவில்லை என்றாலும், "பலகையத் திருப்பிப் பாத்தீகளா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கேட்பவள் பெரும்பாலும் என் மனைவி.

இத்தனை நேரம் ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு ஞாயிறும் முருகவேல் தன் கேம்பேடை எடுத்து வரவில்லை. என்னை இரண்டு தடவையும் அவன் ஜெயித்தது அந்தக் காபி கொட்டிய கீபோர்டில்தான்.