குழலில் இருப்பது குளவியா, மருந்தா?

திருத்தணி முருகன் துணை
(அவர் போன மாதம் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டார், நாங்கள் ஆந்திராவுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் துணை அவரேதான்.)

புன்னைமேடு,
சத்தியவேடு வழி,
சார்வரி வருஷம், சித்திரை மாதம்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் மச்சான் சிரஞ்சீவி நாகபூஷணத்துக்கு, உன் மாமா கன்னையா பலகோடி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் மணியம்மாளும் கறவை மாடும் சுகம். உன் சுகத்துக்கும் குழந்தைகள் சுகத்துக்கும் கடிதம் போடவும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோமா என்பது எனக்கே சரியாக விளங்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

நாங்கள் எங்கும் போகவில்லை, மச்சான். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆன நாளிலிருந்து நான் இந்த வீட்டை விட்டு அசையவில்லை. படுத்த பாய் படுத்தபடி இருக்க, ஊர் மட்டும் ஏப்ரல் முதல் தேதி ராஜ்யம் மாறிவிட்டது. மாறியது ஊரோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பழைய ஜில்லா லைசென்ஸோடு புது ஸ்டேஷனுக்குப் போய், துப்பாக்கியைக் காலியாகக் காட்டி, புது லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். காட்டாவிட்டால் பறிமுதல். என் துப்பாக்கிகள் உனக்குத் தெரியும். வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கந்தலை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கிகள். ஊரில் ஒருவன் புறா வளர்க்கிறான், ஒருவன் சீட்டாடுகிறான், நான் இதைச் சேர்க்கிறேன், இதில் என்ன தப்பு? ஒன்றுக்குச் சுத்தி மாதிரி அடிக்கிற குதிரை இல்லை, ஒன்றுக்குக் கட்டை செல்லரித்துவிட்டது, அவை போனால் போகட்டும். ஆனால் பாளையக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்தேனே, வாய் அகன்று ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்குமே, அதைப் பறிமுதல் என்றால் என் உயிரையே பறிமுதல் செய்வதுதான். அதனால் அதைத் துடைத்துத் தயார் செய்ய உட்கார்ந்தேன். வந்தது வினை.

காலியா இல்லையா என்று பார்க்க ஒரே வழி கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பது. காலியாக இருந்தால் கம்பி அடி வரைக்கும் போய் டங்கென்று சத்தம் கேட்கும். எனக்கு டங்கென்று கேட்கவில்லை. பொத்தென்று கேட்டது. கம்பி நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் நுனியில் செம்மண் நிறத்தில் ஏதோ பொடி. துருவோ, மண்ணோ, பழைய மருந்தோ, யார் கண்டது? பொங்கலுக்கு வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி வந்தபோது இரண்டு துப்பாக்கியில் மருந்து கெட்டித்து ஒன்றைத்தான் சுட்டேன். சுட்டது இதையா, கட்டை செல்லரித்த அந்த நீளக்குழலையா என்பதுதான் மச்சான் ஞாபகம் வரவில்லை. இதைச் சுட்டிருந்தால் இது காலி. அதைச் சுட்டிருந்தால் இதில் மருந்து இருக்கிறது. குதிரை அடித்தால் பொறி கொடுக்கிற கேப்பைப் பார்த்தால் தெரியுமே என்பாய். கேப்பு பச்சைக் களிம்பேறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெடித்ததா வெடிக்காததா என்று சொல்ல முடியவில்லை, பிடுங்கவும் வரவில்லை. பன்றியைக் கேட்டால் தெரியும். அது சென்னை ராஜ்யத்துப் பக்கம் ஓடிவிட்டது.

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். உன் அக்காளைக் கூப்பிட்டேன். "மணியம்மா, இதுக்குள்ள கெட்டிச்ச மருந்த சுட்டேனா இல்லியா, உனக்கு ஞாபகம் கீதா?" என்று கேட்டேன். அவள் குழலைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ பாவி மன்சா, குத்திட்டியா? ஒரு வாரமா குளவி மண்ணு உருட்டிக்கினு அந்த வாய்க்குள்ள போறத நான் பாத்துக்கினே கீறேன். தெய்வமா பாத்து கட்டுன கூடு. அதப்போயி கம்பியால குத்துவாங்களா?"

விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. திருப்பதியில் இருக்கிற நம் இந்திராணி முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, போகாத கோவில் போய், ஊரார் கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையைக் குனிந்து, இப்போதுதான் என் பொண்ணு வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், கூட்டை உடைத்தால் ஆகாது என்பது நம்மில் யாருக்குத்தான் தெரியாது? மணியம்மாள் துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கிப் பழைய புடவையில் சுற்றி, வாய்க்கு மட்டும் மெல்லிய துணி கட்டி, குளவிக்குக் காற்று வேண்டுமாம், பூசை மாடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். "இந்திராணிக்கு நல்லபடியா ஆவுற வரைக்கும் இத்த யாரும் சுடக்கூடாது, குத்தக்கூடாது, ஆட்டக்கூடாது" என்று உத்தரவு. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. மாட்டுக்கு ஊசி போட்ட கை இது. ஆனால் சொல்கிறேன் மச்சான், அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை. நான் குத்திய குத்து கூட்டில் பட்டிருந்தால் என்கிற ஒரே நினைப்பு, சீ என்று விரட்டினாலும் போகவில்லை.

தலையாரியோ தினம் வந்து நிற்கிறான். காட்டாவிட்டால் பறிமுதல், பறிமுதல் செய்தால் கூட்டோடு போகும் என்று உன் அக்காளுக்கு நயமாக எடுத்துச் சொல்லி, புடவைச் சுற்றைப் பிரிக்காமலே அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒல்லியாய் ஆரம்பித்து வாய் அகன்று முடிகிற சாமானைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முகூர்த்த நாளில் பஸ்ஸில் போனால் என்னவென்று நினைப்பார்கள்? பஸ் நிறைய நகரியிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம். ஒருவர் குனிந்து, "ஐயா, நாதஸ்வரமா?" என்றார். துப்பாக்கி என்று சொன்னால் பஸ்ஸே காலியாகிவிடும், லைசென்ஸும் இப்போது இந்த ராஜ்யத்தில் செல்லுமோ செல்லாதோ, குழம்பிப்போய்த் தலையை ஆட்டிவிட்டேன். மண்டையை ஆட்டுகிற பூம்பூம் மாட்டுக்குக் கேள்வி அதிகம் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது.

"எங்க புத்தூர் மேளக்காரரு வராம கழுத்தறுத்துட்டாரு. கடவுளாப் பாத்து உங்கள அனுப்பிட்டாரு, எறங்குங்க" என்று இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், கச்சேரி வித்துவான்களுக்கே உள்ள பிகு என்று நினைத்துக்கொண்டார்கள். பந்தலில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, பன்னீர் தெளித்து, "மாப்ள அழைப்புக்கு ஒரு நல்ல ராகமா எடுத்து வுடுங்க" என்றார் பெண்ணின் பெரியப்பா. இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று அவர் காதில் மட்டும் மெதுவாக, "ஐயா, இது நாதஸ்வரம் இல்லைங்க, துப்பாக்கிங்க. ஆனா பயப்படாதீங்க, காலியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே தோற்றுப்போகும். பந்தியில் தின்றுகொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து ஓடினார்கள். மாப்பிள்ளை குதிரை வண்டியைத் திருப்பச் சொன்னாராம். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் நீங்கள்தான் ஆள் வைத்தீர்கள், நீங்கள்தான் ஆள் வைத்தீர்கள் என்று ஒருவரையொருவர் சொல்லிக்கொள்ள, நான் நடுவில் பன்னீர் வழிய உட்கார்ந்திருந்தேன். ஆக, சர்க்கார் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து துப்பாக்கியைக் காட்டப் புறப்பட்ட நான், கல்யாண வீட்டில் துப்பாக்கியோடு புகுந்தவனாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஹெட்கான்ஸ்டபிள் முனிரத்தினம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அப்புறம், "பெத்தாயனா, ஒக்க மாட்ட செப்பண்டி. லோடு உந்தா, லேதா?" என்று மருந்து இருக்கிறதா இல்லையா எனத் தெலுங்கில் கேட்டார்.

"இருக்கலாங்க. இல்லாமலும் இருக்கலாங்க."

"இது துப்பாக்கியா, மசக்கைக்காரியா? நாடி புடிச்சுப் பாத்தா சொல்லணும்?"

"மசக்கை என் பொண்ணுக்குங்க" என்றேன் நான், உளறி. பிறகு குளவி, கூடு, இந்திராணி, பன்றி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் என் முகம் மாதிரியே ஆகிவிட்டது. சட்டத்தை எனக்கு விளக்கினார். மருந்து கெட்டித்த துப்பாக்கியை ஸ்டேஷனில் பதிவு செய்யக் கூடாதாம், காலி செய்துதான் காட்ட வேண்டுமாம். காலி செய்வது எப்படி? சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். சுடுவதென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் துப்பாக்கியைக் காலியாகக் காட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது அவரே நடுவில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிள், தண்ணீர் ஊற்றினால் மருந்து நமத்துப்போகுமே என்று செம்போடு வந்தான். கூடு கரைந்துவிடும் என்று நான் அவன் காலில் விழாத குறை. கடைசியில், "கலெக்டர் ஆபீசுல கேட்டு ஆர்டர் வந்தாதான் ஆச்சு. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்" என்று புடவைச் சுற்றோடு வாங்கி மூலையில் சாத்திவிட்டார். நான் வெறுங்கையோடு வீடு வந்தேன்.

அன்றிலிருந்து உன் அக்காள் அடுப்பு மூட்டுகிறாள், சமைக்கிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்கிறாள். "எவனாவது அதுல கம்பிய வுட்டு நோண்டுனா எம்பொண்ணு கதி இன்னா?" என்று மாட்டைக் கேட்கிறாள். மாடு என்னைப் பார்க்கிறது. ஆகையால் மச்சான், நீ இருக்கிற ஆபீசில் யார் காலைப் பிடித்தாவது ஓர் ஆர்டர் வாங்கு. துப்பாக்கியைக் குத்தாமல், ஆட்டாமல், சுடாமல், நனைக்காமல் கன்னையாவிடம் ஒப்படைக்கவும் என்று இருந்தால் போதும். அதில் மருந்து இல்லை. நான் சொல்கிறேன், சத்தியமாக இல்லை. பொங்கலுக்குச் சுட்டது இதைத்தான் என்று இப்போது எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. உள்ளே இருப்பது குளவிக் கூடுதான், வேறொன்றும் கிடையாது.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைகள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்து, பெரியவர்களாகி, எந்த ராஜ்யத்தில் கண் விழித்தாலும் குழம்பாமல் இருக்க ஏழுமலையான் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கன்னையா

பின்குறிப்பு: ஆபீசில் யாரையும் கேட்க வேண்டாம். மேலே எழுதியதைப் படித்ததுமே எழுந்து போய்க் கேட்டிருந்தால், கேட்கவில்லை என்று சொல்லிவிடு. உறையை ஒட்டப் போகும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஹெட்கான்ஸ்டபிள் முனிரத்தினமே வந்துவிட்டார். பின் கேரியரில் புடவைச் சுற்றோடு நம் துப்பாக்கி. அவர் வீட்டம்மாளுக்கு விஷயம் தெரிந்து, பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக் குளவிக் கூட்டை ஜெயிலில் வைத்த மனுஷனுக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டாளாம். "ஆர்டர் வந்தா வருது, நீங்க வாங்கிக்குங்க சாமி" என்றார். உன் அக்காள் ஆனந்தக் கண்ணீரோடு ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் ஸ்டாண்ட் போட்டுவிட்டு அந்தண்டை நகர்ந்தார். நம் வாசல் சரிவு உனக்குத் தெரியும். ஸ்டாண்ட் வழுக்கியது, சைக்கிள் சாய்ந்தது, துப்பாக்கியின் குதிரை போய்த் துவைக்கிற கல்லில் மோதியது. அப்புறம் கொஞ்ச நேரம் எங்கள் யாருக்கும் காது கேட்கவில்லை. ஒருவருக்கும் அடியில்லை, அது உன் அக்காள் தாலி பாக்கியம். முருங்கை மரத்தில் பாதி இல்லை. கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. குழல் வாழைப்பழத்தோல் மாதிரி உரிந்து கிடந்தது. ஹெட்கான்ஸ்டபிள் தலையெல்லாம் கரி, கரி மேலெல்லாம் செம்மண்.

என் உயிர் போன மாதிரிதான் மச்சான். ஆனால் துப்பாக்கியை நான் பார்க்கவே இல்லை, மணியம்மாளைத்தான் பார்த்தேன். ஊரைக் கூட்டி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஆரத்தித் தட்டை வைத்துவிட்டு, ஹெட்கான்ஸ்டபிள் தோளிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் கரியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் கழித்து என்னோடு பேசினாள்.

"ஏங்க, கூடும் இருந்துச்சு, மருந்தும் இருந்துச்சுங்க."

"கூடு உடஞ்சு போச்சேடி" என்றேன்.

"உடையாம பின்ன எப்படி வெளிய வரும்? ஒரே குழல்ல ரெண்டு இருந்து, ரெண்டும் ஒண்ணா வெளிய வந்திருக்கு. இன்னுமா உங்களுக்குப் புரியல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஹெட்கான்ஸ்டபிளுக்குத்தான் முதலில் புரிந்தது. கரி முகத்தோடு எழுந்து நின்று, "கவலலு! ரெட்டைப் புள்ளைங்க சாமி!" என்று கும்பிட்டார். அப்படியொரு துப்பாக்கி எந்த ஜில்லாக் கணக்கிலும் இருந்ததில்லை என்று நானும் அவரும் பேசி முடித்துக்கொண்டோம். இனிமேல் மூன்று பேருக்குச் சேர்த்துத் துன்னச் சொல்லி இந்திராணிக்கு உன் அக்காள் கார்டு எழுதச் சொல்கிறாள். இந்திராணிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, தொட்டில் வாங்குகிற முறை உன்னுடையது. தச்சனிடம் இரண்டாகச் சொல்லிவிடு.