ஊசி இறக்கும் சாமி

ஈப்போ பக்கம் செமோருக்கு உள்ளே, தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் பூட்டிப் போட்ட பழைய ரப்பர் ஸ்டோருக்குத் திடீரென்று யோகம் அடித்தது. நவமணி சாமி அங்கே வந்து உட்கார்ந்தார். நாடே கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. போட்ட ஊசியை உடம்பிலிருந்து இறக்கிக் கொடுப்பதுதான் சாமியின் தொழில். அரசாங்கம் இலவசமாக ஏற்றும்; சாமி அங் பாவ் உறையில் பணம் வாங்கிக்கொண்டு இறக்குவார்.

தூரத்துத் தாப்பாவிலிருந்துகூட கர்ப்பிணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நோய்க்குப் பயமில்லை. ஊசிக்குத்தான் பயம். போன வருஷம்வரை சாமி வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றவர் என்பது பலருக்குத் தெரியும். அப்போதே சுத்தம் செய்வதில் கெட்டிக்காரர் என்று அதையும் அருள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

புனிதாவுக்கு இது ஏழாவது மாசம். ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர் வேலை. பக்கத்துக் கவுண்டரில் இருந்த ஆஃப்ஷீனும் கர்ப்பிணிதான். யார் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியைத் தள்ளிப் போட்டவள், இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தாள். குறைமாசத்திலேயே பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து யாராவது இருமினால் புனிதாவின் கை வயிற்றுக்குப் போய்விடும். கிளினிக் டாக்டரிடம் நேராகவே கேட்டாள். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், பிள்ளைக்கு ஆபத்தில்லை, நோய் வந்தால்தான் உனக்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் அவர்.

மாமியார் கருப்பம்மாளுக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. புனிதாவின் முதல் கர்ப்பம் கலைந்தபோது, மருமகளைவிட அதிகம் அழுதவள் அவள்தான். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கே சாமியிடம் போய் இறக்கிவிட வேண்டும். மகன் அருண்பிரகாஷ் அம்மா சொன்னதற்கும் தலையாட்டினான், மனைவி சொன்னதற்கும் தலையாட்டினான். அந்தக் கழுத்துக்கு ஓய்வே கிடையாது.

கிளினிக்கில் ஊசியை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். புனிதா அதை மாமியாரிடம் சொல்லவில்லை. போட வேண்டிய அதே நாளில், போடாத கையோடு, மாமியாரையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு போய் சாமியின் வரிசையில் நின்றாள்.

சாமி அவள் தோளில் மஞ்சள் விழுதைத் தடவினார். கண்ணாடிபோலத் தெளிந்திருந்த தீர்த்தத்தில் பஞ்சை நனைத்து அழுத்தினார். பஞ்சு ரத்தமாய்ச் சிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருப்பம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புள்ளையத் தொட இருந்துச்சும்மா விஷம். வழியிலயே மறிச்சிட்டேன்" என்றார் சாமி.

"நான் இன்னும் ஊசியே போடல சாமி. நாளைக்குத்தான் போடுறாங்க" என்றாள் புனிதா. கிளினிக்கிலிருந்து வந்த செய்தியைப் போனில் எல்லாருக்கும் காட்டினாள்.

சாமிக்கு இமைகூட ஆடவில்லை. "உன் புருஷன் போட்டுட்டான்ல? அவன் மூச்சுல வந்த விஷம் இது."

கூட்டம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. அருண்பிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

புனிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். திருஷ்டி கழிக்க ஒரு பூசணிக்காய் வைத்திருந்தார்கள். அதன் தலையில் அதே விழுதைத் தடவி, அதே தீர்த்தத்தில் புதுப் பஞ்சை நனைத்து அழுத்தினாள். பூசணிக்காயும் சிவந்தது.

"இதுக்கு எந்த கிளினிக்ல போட்டாங்க சாமி? ரெண்டாவது டோஸ் எப்பலா?"

நிறைமாசக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் விழுதும் ஒரு பஞ்சும் எடுத்து நாற்காலிக்கு ஊசி இறக்கினார்கள், செருப்புக்கு இறக்கினார்கள், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு இறக்கினார்கள். ஒருத்தி சாமியின் கையிலேயே தேய்த்துவிட்டாள். தன்னை ஊசி நெருங்கவே நெருங்காது என்று அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்தவரின் கை செக்கச் செவேலென்று ஆனது.

கருப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. விழுதை முகர்ந்தாள். தீர்த்தத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"மஞ்சளும் சுண்ணாம்புத் தண்ணியும்தானே இது? எத்தன கல்யாணத்துக்கு ஆலத்தி கரைச்சிருக்கேன். எனக்கே காட்டுறியா நீ?"

அங்கே நின்ற பெண்களில் ஆலத்தி கரைக்காதவள் யார்? வீட்டில் கரைத்தால் ஆலத்தி, சாமி கரைத்தால் விஷம் என்று அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமிக்கு அவசரமாகத் தியானம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகச் செம்பனைக் காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை.

மறுநாள் கிளினிக்கில் கருப்பம்மாள் தானே டாக்டரை மறித்து நிறுத்தி, மனத்தில் இருந்த பயத்தையெல்லாம் கேட்டுத் தீர்த்தாள். டாக்டரும் சலிக்காமல் பதில் சொன்னார். புனிதாவுக்கு ஊசி போட்டபோது அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மாமியார்தான்.

நவமணி சாமி இப்போது சிம்பாங் பூலாய் பக்கம் இருக்கிறாராம். போன் கோபுரத்திலிருந்து தலைக்குள் பாய்ந்த கதிரை இறக்குகிறாராம். வரிசை ரோடுவரைக்கும் நிற்கிறதாம். அங்கே போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னால் தலைக்குள் 'பூசணிக்காய்க்கும் இறங்குமா?' என்ற ஒரே ஒரு கேள்வியை ஏற்றிக்கொண்டு போகட்டும். யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், பக்கவிளைவு சாமியாருக்கு மட்டும்தான்.