மாப்பிள்ளை கம்பெனி டயர்

ஒரே மகளின் வாழ்க்கைக்கு விலை இருபத்தெட்டாயிரம் என்றார் தண்டலம் டயர்க் கடை மாசானம். ஜி.எஸ்.டி. தனி.

இராமச்சந்திரன் தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் செந்தாமரையைப் பெண் பார்க்க வரும் பகலவனுக்கு 'வாயுவேகா' டயர் கம்பெனியில் வேலை. 'பெர்ஃபாமன்ஸ்' எனும் அதிவேக டயர்களைச் சோதித்து வெளியே அனுப்புகிறவன். பார்த்து முடித்ததும் எல்லோரையும் காரில் கோயிலுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. காரிலோ போட்டிக் கம்பெனியின் டயர்கள், அதுவும் தேய்ந்து வழுக்கையானவை. மாப்பிள்ளை பார்த்தால் என்ன நினைப்பார்?

"கிரிப் வேணுமா, மைலேஜ் வேணுமா, சத்தமில்லாம ஓடணுமா? எதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்கு மாப்பிள்ளை வேணும்பா. வாயுவேகா பெர்ஃபாமன்ஸ் போடு."

"அது உங்க சின்ன வண்டிக்கு வராதே. பதினாறு இஞ்சுலதான் இருக்கு. ரிம்மையும் சேத்து மாத்திருவோமா?"

மாற்றினார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கதறியது.

"இப்ப இன்னா பண்றது?"

"ஸ்பிரிங்குல கட்டை குடுத்து வண்டியத் தூக்கிருவோம்."

தூக்கினார்கள். வீட்டு வாசலில் வந்து நின்ற காரில் பட்டுப்புடவையோடு ஏறிப் பார்த்த மனைவி செல்லம்மாள் பாதியிலேயே இறங்கிவிட்டாள்.

"இன்னாய்யா இது, லாரி மாதிரி கீது? சம்பந்தியம்மா எப்படி ஏறுவாங்க?"

"முக்காலி போட்டுக்கலாம்."

"ஏம்ப்பா, என்னப் பாக்க வர்றாங்களா, டயரப் பாக்க வர்றாங்களா?" என்றாள் செந்தாமரை.

இராமச்சந்திரனுக்கே இப்போது அது சரியாக விளங்கவில்லை.

ஞாயிறன்று பகலவன் அம்மாவோடு வந்தான். பஜ்ஜி, கேசரி, பெண் என்று வரிசையாகப் பார்த்தான். மொட்டை மாடியில் பேசிவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். இராமச்சந்திரனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வாசலில் நாலு சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப, கோயிலுக்குக் கிளம்பலாமா?" முக்காலியைக் கார் கதவருகே போட்டார்.

பகலவன் காரை ஒரு சுற்று சுற்றினான். முன் டயரருகே குந்தி, அதன் பக்கவாட்டு எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தான்.

"நாலுமேவா, மாமா?"

"நாலும் நம்ம கம்பெனிதான் மாப்பிள!" இராமச்சந்திரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

பகலவன் எழுந்துபோய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னான். அந்தம்மா முக்காலியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"பொண்ணு சரி, ஜாதகம் சரி, கேசரியும் சரி சம்பந்தி. கோயிலுக்கு நாங்க ஷேர் ஆட்டோவுல வந்துடறோம். எம்புள்ள செக் பண்ணி அனுப்பற டயர எங்க வண்டிக்கே அவன் போட வுடமாட்டான். அத மட்டும் மாத்திடுங்க, அது ஒண்ணுதான் பாக்கி."