சீர்வரிசையில் ஒரு மெஷின் கன்

மல்கிரேவ், மெல்பேர்ண்,
புதன்கிழமை.

கிரவீன் வாழ் பெருமதிப்புக்குரிய சம்பந்தி பார்த்தசாரதி அவர்களுக்கும் ராதா அம்மா அவர்களுக்கும் சிறிதரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி இரஞ்சிதமும் மகள் ராகவியும் நலம். அங்கு உங்கள் நலத்தை அறிய ரெலிபோன் எடுத்தால் நீங்கள் மணிச்சத்தம் முடிவதற்குள் துண்டித்துவிடுகிறீர்கள். ஆகவே விரலிலும் கோபத்திலும் நல்ல பலத்தோடுதான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தி என்று எழுதலாமா என்று சற்று யோசித்தேன். சனிக்கிழமை மத்தியானம் வரை அந்தச் சொல்லில் சந்தேகம் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டி திறக்கப்பட்டது.

முதலில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதல் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய், “சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல அந்தக் காலத்துல நடந்ததெல்லாம் கேள்விப்பட்டிருக்கோம். நீங்க ஏதாவது… துப்பாக்கி கிப்பாக்கி…” என்று இழுத்தீர்கள். “ஐயோ இல்லை ஐயா! துவக்கை நான் தொட்டதே இல்லை. தொடச் சொன்ன ஆக்களிட்ட இருந்தும், தொட்டனியோ எண்டு கேட்ட ஆக்களிட்ட இருந்தும் ஒண்டாத்தான் ஓடி வந்தனான்” என்று சொன்னேன். நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். நான் அன்று சொன்னது சத்தியம். ஆனால் அப்படிச் சொன்ன மனிதனுடைய வீட்டு ஹோலில், பட்டுச்சேலைக்குக் கீழே, வெற்றிலை பாக்குத் தட்டுக்குக் கீழே, இரண்டாம் உலகப் போரில் பாவித்த ஒரு மெஷின் கன் இருந்ததை நீங்கள் கண்ணாலே பார்த்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் ரெலிபோனை வைத்திருப்பேன்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து வீட்டில் கீத் என்று ஒரு கிழவர் தனியாக இருந்தார். ஒவ்வொரு கிழமையும் அவருடைய குப்பைத் தொட்டியை நான்தான் ரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போய் வைப்பேன். இரஞ்சிதம் வடை சுட்டால் அவருக்கும் போகும். அவர் போன மாதம் காலமாகி, உயிலில் ‘தொட்டி வைக்கும் சிறிக்கு என் தோட்டத்துச் சாமான் கொட்டிலும் அதிலுள்ள சகலதும்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பேர்த்தில் இருக்கும் அவருடைய மருமகளுக்கு. அந்த மனுசி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். நான் புல்லு வெட்டும் மெஷினுக்கு ஆசைப்பட்டுப் போனவன். உண்மையை மறைப்பானேன். அதைத் தள்ளிப் பார்த்தால் பின்னால் ஒரு நீளப் பெட்டி, நல்ல தேக்கு. திறந்தால் கிரீஸ் மணத்தோடு துவக்கு படுத்திருக்கிறது. மருமகளைக் கேட்டால், கீத்தின் அப்பா சண்டைக்குப் போய்த் திரும்பும்போது ஞாபகத்துக்குக் கொண்டுவந்ததாம். மற்றவர்கள் கப்பலில் சங்கும் சிப்பியும் கொண்டுவந்திருக்க, இவர் இதைக் கொண்டுவந்திருக்கிறார். எண்பது வருடமாக ஒருவரும் அதைப் பதியவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து லோயர் ரஞ்சினிக்குப் போன் எடுத்தேன். ரஞ்சினி எங்கள் சொந்தக்காரப் பிள்ளை, வீடு வாங்கி விற்கும் அலுவல் பார்க்கிற லோயர். “அங்கிள், முத்திரை வரி எண்டால் உடனே சொல்லுவன், மெஷின் கன்னுக்கு வாசிச்சுத்தான் சொல்லவேணும்” என்றது. வாசித்துவிட்டு எடுத்தது. “அங்கிள், உங்கட பேரில இதைப் பதியவே ஏலாது. சின்னத் துவக்கெண்டாலும் லைசென்ஸ் எடுத்துப் பார்க்கலாம். இது சாதாரண ஆக்கள் வைச்சிருக்கிற சாமான் இல்லை. ஆனால் பயப்பிடாதேங்கோ, தாங்களாக் கொண்டுவந்து குடுக்கிற ஆக்களுக்கு இஞ்சை பொதுமன்னிப்பு இருக்கு.” பொதுமன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் வாசல் கதவைப் பூட்டினேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை நம்பிப் போனவர்களைப் பிறகு தேடித்தான் திரிந்தோம். “நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ, பொலிசுக்குப் போன் அடியுங்கோ, அவை வருமட்டும் பூட்டுள்ள இடத்தில வையுங்கோ” என்றது ரஞ்சினி. நான் இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பொலிசுக்கு அடித்தேன். அங்கே ஒரு பொடியன், பாலுக்கு ஓடர் எடுப்பது போல விலாசத்தைக் கேட்டுவிட்டு, அவசரமில்லை, திங்கட்கிழமை வருகிறோம் என்றான்.

கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. பூட்டுள்ள இடம் எங்கள் வீடுதான். நானும் இரஞ்சிதமும் பெட்டியைத் தூக்கி வந்து ஹோலில் வைத்தோம். அதற்குமேல் ஓர் அங்குலம் நகர்த்த இடுப்பு சம்மதிக்கவில்லை. அடுத்த நாளே நீங்கள் பிளேன் ஏறிக் கல்யாணத் திகதி குறிக்க வருகிறீர்கள். “சீலையால மூடினால் மேசைதானே, தட்டு வைக்கவும் மேசை காணாது” என்று இரஞ்சிதம் தன்னுடைய சிவப்புப் பட்டை அதன்மேல் விரித்தாள். இந்த இடத்தில் ஒரு பிழை எங்கள் பக்கம்தான். ராதா அம்மா தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாங்களும் ஒன்பது தட்டு வைத்தோம். ஆனால் பழத்தட்டை இலையான் மொய்க்கிறது என்று இரஞ்சிதம் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு மறந்துபோனாள்.

நீங்கள் வந்து கதிரையில் அமர்ந்தீர்கள். ராதா அம்மா கோப்பி கேட்டார். எங்கள் வீட்டில் கோப்பி குடிப்பவர் இல்லை. நான் குசினியில் கோப்பிப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன். இரஞ்சிதம் உள்ளே ராகவிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் ராதா அம்மா தட்டுகளை எண்ணியிருக்கிறார். “எட்டு இருக்கு… ஒத்தப்படைன்னு சொன்னேனே… அடடே, பட்டுப்புடவை சாத்தின இந்தப் பெட்டியோட சேர்த்து ஒன்பது! பாருங்க, சீரைச் சொல்லாம கொள்ளாம எப்படிப் பண்ணியிருக்காங்க!” என்ற குரல் குசினிக்குக் கேட்டது. நான் பால் பொங்குகிறது என்று நின்றேன். நின்றிருக்கக் கூடாது. நான் ஓடி வருவதற்குள் தட்டுகள் இறங்கிவிட்டன, பெட்டிக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. “ரெண்டு கையாலயும் தொட்டு வாங்கிக்கோங்க” என்று அவர் சொல்ல, நீங்களும் குனிந்து தொட்டு வாங்கிக்கொண்டீர்கள். பிறகு மூடி திறந்தது. “என்னங்க இது… கிரைண்டரா?” என்று ராதா அம்மா கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. திங்கட்கிழமை வரவேண்டிய பொலிஸ், சனிக்கிழமை வேலை குறைவாக இருக்கிறது என்று வந்து நிற்கிறது. ஒரு பெண், ஓர் ஆண். இருவரும் குங்குமம் வைத்த மெஷின் கன் பெட்டியையும், சுற்றிப் பட்டுவேட்டியோடு நிற்கும் எங்களையும் பார்த்தார்கள். இது யாருடையது என்று அந்தப் பெண் கேட்டாள். என்னுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்பது வருடம் வங்கியில் பொய்க்கணக்கு எழுதாத நீங்கள் எழுந்து நின்று, சற்றுமுன்தான் முறைப்படி நாங்கள் பெற்றுக்கொண்டோம் மேடம் என்று இங்கிலிஷில் சொன்னீர்கள். அதோடு நிறுத்தினீர்களா? பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் நம்பர் வரை கேட்காமலே கொடுத்தீர்கள். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் திகதி பேசாமல் எயார்போர்ட்டுக்குப் போனீர்கள். இரவு, ‘போலீஸ்கிட்ட என் பேர் இருக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்’ என்று செய்தி வந்தது.

சம்பந்தி, ராகவி சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் மகன் பிரதீப்குமாரும் அப்படித்தான் என்று அவளே சொன்னாள். எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு, வீட்டை விட்டு, அம்மாவின் செத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்தவன் நான். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் சண்டையில் கொண்டுவந்த துவக்கு என் பிள்ளையின் கல்யாணத்தை நிறுத்தினால் நான் எங்கே போய் முறையிடுவது?

ஆகையால் உங்கள் பெயரில் பட்ட கறையைக் கழுவும் வேலையில் இறங்கினேன். ரஞ்சினியிடம் இது யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். சீரைத் தொட்டு வாங்கினால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம் என்பது உங்கள் பயம். ரஞ்சினி சொன்னது: “அங்கிள், உயில் அலுவல் இன்னும் கோர்ட்டில முடியேல்லை. அதால சாமான் உங்கட கைக்கே சட்டப்படி வரேல்லை. உங்கடை இல்லாததை நீங்கள் எப்பிடிச் சீராக் குடுக்கிறது? அவர் எப்பிடி வாங்கிறது? இப்பவும் சொந்தக்காரர் செத்துப்போன கீத்துத்தான்.” இதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி சொல்லி முடியாது. நேற்றுப் பொலிஸ் ஸ்டேசனுக்கே போய் அந்தப் பெண்ணையும் கண்டேன். பொதுமன்னிப்பில் பெயர் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை, அந்தப் பெரியவர் ஆசையாகச் சொன்னார், மரியாதைக்குத் தலையாட்டினேன் என்றாள். ஆகவே சம்பந்தி, இந்தத் துவக்கோடு உங்கள் பெயர் எந்தப் பதிவிலும், எந்தக் கந்தோரிலும், எந்தக் காலத்திலும் இல்லை. என் பிள்ளைமேல் ஆணையாகச் சொல்கிறேன். தயவுசெய்து போனை எடுங்கள். ஒரு நல்ல திகதி சொல்லுங்கள்.

ராதா அம்மாவுக்கு இரஞ்சிதத்தின் அன்பும் மன்னிப்பும். பிரதீப்குமாருக்கு எங்கள் ஆசிகள். கேரம் டவுன்ஸ் கோயிலில் உங்கள் குடும்பத்தின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டோம். எல்லாம் வல்ல சிவனும் விஷ்ணுவும் சேர்ந்து உங்கள் மனதை மாற்றட்டும்.

இங்ஙனம்,
சம்பந்தியாக விரும்பும்,
சிறிதரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஒரு போன் வந்து இரஞ்சிதம் எடுத்துவிட்டாள். பழைய போர்வீரர் மண்டபத்துக்காரர்களாம். துவக்கு மிக அபூர்வமானது என்று பொலிஸ் சொல்லியிருக்கிறது. கீத்தின் மருமகளும் சம்மதித்துவிட்டாள். சுடமுடியாமல் செய்து, மண்டபத்தின் பெயரில் பதிந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். கீழே பித்தளைத் தகட்டில் பொறிக்க, கொடுத்தவர்களின் பெயர் கேட்டார்கள். எங்கள் பெயரை மட்டும் சொன்னால் மரியாதை இல்லை, மாப்பிள்ளை வீட்டார் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று இரஞ்சிதம் உங்கள் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டிக் கொடுத்துவிட்டாள். நான் பதறித் திருப்பி எடுத்தால், தகடு வெட்டியாகிவிட்டதாம். திறப்பு விழாவுக்கு இரு வீட்டாரையும் மேடைக்கு அழைக்கிறார்கள், படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர் வருகிறார்கள், பொலிசும் வருகிறது. எப்படியும் நீங்கள் மெல்பேர்ண் வரத்தானே வேண்டும், கல்யாணத் திகதியையும் அன்றைக்கே பேசிவிடலாம்.