ஸ்வீடனைத் தேடிய கல்

போலந்தின் சாட்னோ நகரசபை மண்டபத்தில் அன்று எள் போட்டால் எள் விழாது. வார்சாவிலிருந்து பேராசிரியர் ஜெமோவித் க்ரெம்பா வந்திருந்தார். எந்தக் கல்லூரியின் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கல் கோபித்துக்கொள்ளுமாம்!

நூலில் தொங்கும் அம்பர் கல் அது. ஐரோப்பா வரைபடத்தின் மேல் பிடித்தால், கரிப்புகை ஒழிய எந்த நாட்டு வழி நம் ஊருக்குப் பொருந்தும் என்று சுற்றிக் காட்டுமாம். படித்த மேயரம்மாவே வாயைப் பிளந்து நின்றார். ஜெர்மனி மேல் அசையாத கல், ஸ்வீடன் மேல் தட்டாமாலை சுற்றியது.

"ஸ்வீடன்தான்! ஆனா அவங்க போட்ட கரி வரி நமக்கு வேணாம். அந்த ஊர்ச் செம்புத் தகடு போதும். அடுப்புக்கடியில வச்சா கார்பனை மடமடன்னு குடிச்சிடும்!" என்றார் க்ரெம்பா.

தகடு விற்பவர் க்ரெம்பாவின் மச்சான். கல் அதை மட்டும் சொல்லவில்லை.

பழைய நிலக்கரி அடுப்புகளை மாற்ற அரசு தந்த பணமெல்லாம் தகட்டுக்கே என்று எழுதிய தாளில் கையெழுத்திட மேயரம்மா பேனாவைத் திறந்தார்.

புகைபோக்கி சுத்தம் செய்யும் பொக்னாவுக்கு வயிறு எரிந்தது. சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த அவள் கணவன் கஸ்பர், இன்னொரு குளிர்காலம் இந்தப் புகையைத் தாங்கமாட்டான் என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அவள் எழுந்ததும் கூட்டம் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. புகைபோக்கிக்காரரைக் கண்டு பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். அவள் வீட்டுப் பக்கம் அந்த அதிர்ஷ்டம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"பேராசிரியரே, கல்லுக்குக் கண்ணு உண்டா?"

"கண்ணு எதுக்கும்மா? அது தானா உணரும்!"

"அப்பச் சரி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, மேல் ஒரு மேசைத் துணியைப் போட்டாள்.

"இப்ப ஸ்வீடனைக் காட்டச் சொல்லுங்க."

கல் வழக்கம்போல மேல்பக்கம் போய்ச் சுற்றியது. "இதோ ஸ்வீடன்!" என்றார். பொக்னா துணியை உருவினாள். கல்லுக்குக் கீழே மத்தியதரைக் கடல்!

"மீனுக்கு வரி போடச் சொல்லுதா சாமி?" என்றது பின்வரிசை.

"சந்தேகப்படறவங்க முன்னால கல் குழம்பிடும்!"

"கல்லு குழம்பல. நாங்கதான் குழம்பிட்டோம். ஸ்வீடன்ல வரி போட்டாங்க, டென்மார்க்ல ஊருக்கே வெந்நீர்க் குழாய் போட்டாங்க, ஜெர்மனில மானியம் குடுத்தாங்க. நம்ம ஊருக்கு எது ஆகும்னு உக்காந்து பேசுங்க. என் புருஷனோட மூச்சை அந்த நூல்ல தொங்கவிடாதீங்க!"

க்ரெம்பா பின்வாசல் வழியே நழுவினார். மேயரம்மா தகட்டுத் தாளைக் கிழித்துவிட்டு பழைய அடுப்புகளை மாற்றும் தாளில் கையெழுத்திட்டார்.

கல்லுக்கு மூளை இல்லாதது இயற்கை. மூளை உள்ளவர்கள் அதனிடம் போய் யோசனை கேட்டார்களே, அதுதான் வெட்கம்!