குலுக்கைக்குள் கேட்ட ஒப்பாரி

சர்க்கார் கணக்கில் நான் ஒருமுறை செத்திருக்கிறேன். மொத்தம் பதினோரு நாள். என் சாவுக்கு ஒரு ஏட்டையா கையெழுத்துப் போட்டிருந்தார். என்னைப் பெற்ற அய்யா சாட்சி சொல்லியிருந்தார். ஆத்தா ஒப்பாரி வைத்திருந்தாள். நிஜமாகவே செத்தவர்களுக்குக்கூட எங்கள் பக்கத்தில் இத்தனை அத்தாட்சி கிடைப்பதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழைக்காலத்தில்தான் வாய் திறக்கும். எனக்குப் பன்னிரண்டு மாதமும் திறந்தே இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி பூமி. மழை பெய்தால் கம்பு விளையும், பெய்யாவிட்டால் சாமிக்குப் பொங்கல் வைப்போம், அதற்கும் பெய்யாவிட்டால் சாமியைத் திட்டுவோம். எங்கள் ஊரில் பத்தாவது பாஸ் செய்த ஒரே ஆள் நான்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்த வேலை, சாவடியில் உட்கார்ந்து பழைய பேப்பரைச் சத்தமாகப் படிப்பது. (சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு.)

அந்த மரியாதை போதாதென்றுதான் ஒரு பொய் சொன்னேன். வெள்ளையனே வெளியேறு என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ஊர்வலம். நானும் கூட்டத்தில் நுழைந்து ஒரே ஒரு கோஷம் போட்டேன். அதற்குள் போலீஸ் தடியோடு வந்தது. அதற்கப்புறம் நான் செய்த காரியத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அதே நாளில் மதுரை ரோட்டில் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. ஊருக்குத் திரும்பியதும் சாவடியில் குரலைத் தாழ்த்தி, "அது யாருன்னு நினைக்கிறீக?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மறுநாள் காலை ஊர்ப் பேச்சில் நான் ஒரு கம்பத்தில் ஏறியிருந்தேன். ஒரு மாதத்தில் ஏழு கம்பம். ஆறாவது கம்பத்தில் குண்டு என் காதோரம் போனது.

ஊர் என்னைக் கொண்டாடியது. அய்யா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் கொஞ்சம் கம்பு விளைந்தது. வழக்கமாக அதைக் குலுக்கையில்தான் கொட்டுவோம். மண்ணால் செய்து ஆள் உயரத்துக்கு வீட்டு மூலையில் நிற்கும் தானியக் கலம் அது. அய்யா என்னவோ கம்பைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுக் குலுக்கையைச் சும்மா நிறுத்தியிருந்தார். "எலி திங்குதே, குலுக்கையில கொட்டுனா என்ன?" என்று ஆத்தா தினம் சண்டை போட்டாள். "இருக்கட்டும்" என்பார். வயதாகிறது, புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். (தடுமாறிய புத்தி யாருடையது என்று பிறகு தெரிந்தது.)

அடுத்த வருஷம் மழை சுத்தமாகப் பொய்த்தது. அருப்புக்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு மனுப் போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. கிடைக்காவிட்டால் கேலி, கிடைக்கும் முன்பே சொன்னால் கண்ணேறு. ஆபீசிலிருந்து, உமது பூர்வோத்திரங்களை விசாரித்தபின் உத்தரவு அனுப்பப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. பூர்வோத்திரம் என்றால் ஜாதகம் போல ஏதோ என்று எண்ணிக்கொண்டேன். பத்தாவது பாஸ்!

ஒருநாள் முற்பகல் எதிர்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"போலீசு வருதுய்யா! சைக்கிள்ல வாராரு ஏட்டு. முத்திருளப்பன் வீடு எதுன்னு கேக்காரு!"

முத்திருளப்பன் நான்தான். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. கம்பியை நான் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.   அய்யா என்னை அப்படியே தூக்கிக் குலுக்கைக்குள் இறக்கி, மேலே தானியம் புடைக்கிற சுளகைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போனார்.

உள்ளே இருட்டு. மூக்கில் பழைய கம்புத் தூசி. தும்மினால் தூக்கு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முத்திருளப்பன் இருக்கானா?" என்றார் ஏட்டையா.

"இல்லீக" என்றார் அய்யா.

"எங்கே போயிருக்கான்?"

 ஊரில் இல்லை என்றால் திரும்பி வருவார்கள். கொழும்புக்குப் போனான் என்றால் எப்போது வருவான் என்பார்கள். இதையெல்லாம் அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

"செத்துப் போயிட்டாங்க" என்றார்.

ஊர்ப்பட்ட சகுனம் பார்க்கிற மனிதர் அவர். நான் வெளியே கிளம்பும்போது யாராவது எங்கே போறே என்று கேட்டுவிட்டால் திரும்பி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். அந்த வாயால் அதைச் சொன்னார். குலுக்கைக்குள் எனக்குத் தும்மல் நின்றுவிட்டது.

ஏட்டையா லேசில் விடவில்லை. "எப்படிச் செத்தான்?" என்றார். வாசலில் கூடிவிட்ட ஊர்க்காரர்களில் ஒருவர் காய்ச்சல் என்றார். அதே நேரத்தில் இன்னொருவர் பாம்பு என்றார். "காய்ச்சல்ல கெடக்கையில பாம்பும் கடிச்சிருச்சுங்க" என்று எதிர்வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்துவைத்தார். குட்டு உடையப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் ஆத்தா தலையை விரித்துப் போட்டுத் தெருவில் உட்கார்ந்தாள். (கண்ணால் பார்த்தவர்கள் பிறகு சொன்னது.)

"ஏட்டுப் படிச்ச என் ராசா, எழுத்தாணி போல வெரலு! பாட்டுப் படிச்ச என் ராசா, பசி தாங்கா என் ராசா!"

நான் உயிரோடு இருந்த வரைக்கும் என் விரலைப் பற்றி அவள் நல்ல வார்த்தை சொன்னதில்லை. தண்டச்சோறு என்றுதான் சொல்வாள். இப்போது குலுக்கைக்குள் நின்று கேட்கக் கேட்க எனக்கே என்மேல் பரிதாபம் வந்து அழுதுவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் மாரடிக்கச் சேர்ந்துகொண்டார்கள். ஏட்டையா சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அழாதீகம்மா, நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று துக்கம் விசாரித்தார். ஒரு செம்பு மோர் குடித்தார். போய்விட்டார்.

அன்று முழுக்க நான் வீரன். ஒரு வாரம் போயிற்று, வேலைக்கான உத்தரவு மட்டும் வரவில்லை. என்னோடு மனுப் போட்ட காரியாபட்டிப் பையனுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பொறுக்க முடியாமல் கரிவண்டி பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலத்தில் பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டுவார்கள். ஆபீசுக்குள் நான் நுழைந்தபோது முகமெல்லாம் கரி.

ஹெட் கிளார்க் என் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார்.

"நீ யாருப்பா?"

"முத்திருளப்பனுங்க."

"அவன் செத்துட்டானே."

"இல்லீங்க, நான் இருக்கேங்க."

"காய்ச்சலும் பாம்பும்னு போட்டிருக்கு. தாயார் ஒப்பாரி வைத்ததை நேரில் கண்டேன்னு ஏட்டு எழுதியிருக்காரு. நீ இருக்கேன்னு எதுல எழுதியிருக்கு?"

இருக்கிறேன் என்று என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பூர்வோத்திரம் என்றால் போலீஸ் வீடு தேடி வந்து ஆளைப் பற்றி விசாரிப்பது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் பொடி போட்டுக்கொண்டு கேட்டார்:

"உசுரோட இருக்கிறவனைச் செத்தான்னு ஒரு ஊரே ஏன் சொல்லுது? நீ என்ன பண்ணினே?"

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கம்பி அறுத்ததாகச் சொன்னதை. அறுக்காததை.

"அறுத்தவன் அறுக்கலைன்னு சொல்லிப் பாத்திருக்கேன். அறுக்காதவன் அறுத்தேன்னு சொன்னதை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு அந்தக் கட்டை மூடினார். "கம்பி அறுந்த அந்தப் பகல் பூரா நீ எங்கே இருந்தேன்னு சாட்சியைக் கொண்டா. அதே ஏட்டு வந்து மறுபடி விசாரிச்சு எழுதட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளுக்கு வேலை போயிரும்."

சாட்சி இருந்தார். அதுதான் கொடுமை.

அந்த ஊர்வலத்தன்று தடியைக் கண்டதும் நான் ஓடிய ஓட்டத்தில் நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, தறிக்குழிக்குள் குதித்துவிட்டேன். நெய்கிறவர் காலை விட்டு மிதிப்பதற்காகத் தரையில் வெட்டிய பள்ளம் அது. குதித்த வேகத்தில், தறியில் நீளவாட்டில் பூட்டியிருந்த பாவு இழைகளில் பாதி அறுந்தது. அங்கேயே பொழுது சாயும் வரை சுருண்டு கிடந்தேன். அந்த வீட்டுக்காரர் நாகலிங்கம்.

ஆபீசிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைக் கண்டதும் ஓடிப்போய்த் தறிக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு, அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அண்ணாச்சி, ஒரு உதவி" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"இழை அறுந்ததை ரெண்டு நாளு ரெண்டு பேரும் உக்காந்து முடிஞ்சோம் தம்பி" என்றார் நாகலிங்கம். "இதை யாருகிட்டடா சொல்லி ஆத்துறதுன்னு இருந்தேன். ஒரு சபையே கூட்டித் தாரேங்கிறே. கட்டாயம் வாரேன்."

வியாழக்கிழமை சாவடியில் விசாரணை. கிராம முன்சீப்பு பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஊரே கூடியிருந்தது. ஏட்டையா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆத்தா பக்கம் திரும்பினார்.

"தலைப்பாகையைக் கழட்டித் துக்கம் கேட்டேனேம்மா! என்ன அழுகை அழுதீக!"

"பின்ன? பெத்த பிள்ளைக்கு வைக்கிற ஒப்பாரியை அரைகுறையாவா வைக்க முடியும்?" என்றாள் ஆத்தா.

முன்சீப்பு துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஏட்டையாவும் அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியாமல், "சரி, கம்பி விஷயம் என்ன? உன் வாயால சொல்லு" என்றார்.

ஊர் முழுக்க என்னையே பார்த்தது. என்னைக் கம்பத்தில் ஏற்றி வைத்து அழகு பார்த்த ஜனம். வேலை வேண்டுமென்றால் அத்தனை கம்பத்திலிருந்தும் அவர்கள் கண் முன்னால் இறங்க வேண்டும்.

"நான் ஒரு கம்பியும் அறுக்கலீங்க" என்றேன்.

"அறுத்தான் அறுத்தான்" என்று நாகலிங்கம் எழுந்தார். "கம்பி இல்லீங்க, என் பாவு!"

அவர் ஒன்றையும் விடவில்லை. நான் குதித்த விதம், "அம்மா, அம்மா" என்று முனகியது, குழிக்குள் என்மேல் உரசிய பூனையிடம் அடிக்காதீக என்று கும்பிட்டது வரை நடித்தே காட்டினார். (பூனை விஷயம் பொய். நான் கும்பிட்டது அவர் மனைவியை. இருட்டில் போலீஸ் என்று நினைத்துவிட்டேன்.) சாவடி அதிர்ந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏட்டையா எழுதி, முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி, ஊர் கேட்க வாசித்தார்: "மேற்படி முத்திருளப்பன் உயிருடன் இருக்கிறார். இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ளவர். இவரால் சர்க்காருக்கு எந்தக் காலத்திலும் ஆபத்து வராது."

வேலை கிடைத்தது.

அன்று சாவடியிலிருந்து வீட்டுக்கு அய்யாவுக்குப் பின்னால் நடந்தேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டானே என்று நினைப்பார் என்று பயம். பாதி வழியில் நின்றார்.

"ஏப்பா, நெசமாவே நீ அறுக்கலையா?"

"இல்லய்யா."

"ஒரு கம்பிகூட?"

"ஒண்ணுகூட இல்லய்யா."

அவர் அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாவிப் பயலே, ஒரு வருசமா நாய் கொலைச்சா எந்திரிச்சு உக்காந்தேனேடா" என்றார்.

வீட்டுக்குப் போனதும் சாக்குகளை அவிழ்த்து, எலி தின்றது போக மிச்சமிருந்த கம்பையெல்லாம் குலுக்கையில் கொட்டினார். அப்போதுதான் அது ஏன் ஒரு வருஷம் காலியாக நின்றது என்று எனக்குப் புரிந்தது. நான் சாவடியில் கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தபோது அவர் என்னை ஒளிக்க இடம் தயார் செய்து வைத்திருந்தார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி நானே வெட்கப்பட்ட நாள் அது. அதே நாளில்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு அய்யா பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்ததைப் போல ஒரு நிம்மதி எனக்கு முதல் சம்பளத்தில்கூட வரவில்லை.

பல வருஷம் கழித்து என் மகனுக்கு சர்க்கார் வேலை. ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். பையன் எப்படி என்று அவர் கேட்டதும், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் பெருமையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவி கத்தினாள்: "இவுக பேச்சைக் கேக்காதீகய்யா! பிள்ளை உசுரோட இருக்கான்னு மொதல்ல எழுதிக்கோங்க. மத்ததெல்லாம் பெறகு!"